பூஞ்சை படிந்த மாதிரிகள் ஏற்கப்பட மாட்டா

உணவுப் பூஞ்சை நச்சு ஆய்வு நிலையத்தின் வாசலில் ஒரு பலகை உண்டு. மேலே ‘நச்சு கண்டறியப்படாத நாட்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே நான்கு ஆணி அடித்து, ஆணிக்கு ஒன்றாக நான்கு எண் தகடுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். தினமும் காலை பத்து மணிக்கு, மாதிரி வாங்கும் கூண்டில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் எழுந்து வந்து கடைசித் தகட்டை மாற்றி மாட்டிவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடையாது. அதற்கும் சேர்த்துத் திங்கட்கிழமை இரண்டாகக் கூட்டிக்கொள்வார்கள். இருபத்திரண்டு வருஷமாக இது நடக்கிறது. இருபத்திரண்டு வருஷம் தேடியும் தேடின பொருள் அகப்படவில்லை என்றால் நீங்களும் நானும் வெட்கப்பட்டிருப்போம். அவர்கள் பலகை மாட்டினார்கள்.

பள்ளிக்கூடத்துச் சமையற்காரி அங்கே முதன்முதலில் போன அன்று எண் 8,113.

ஊரில் இருப்பது ஒரே பள்ளிக்கூடம். அங்கே நூற்று அறுபது பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு ஆக்கிப் போடுகிறவளை எல்லோரும் கரண்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் கரண்டி இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. அவளுடைய மகன் வாண்டுவும் அங்கேதான் மூன்றாம் வகுப்பு. போன வருஷத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு லாரி வந்து இருபது சாக்கு மக்காச்சோளத்தை நன்கொடையாக இறக்கிவிட்டுப் போகிறது. ஒவ்வொரு சாக்கிலும் ‘நச்சு கண்டறியப்படவில்லை’ என்று ஊதா முத்திரை. யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் “மேலேர்ந்து” என்பார் தலைமையாசிரியர். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் சமைக்கிறவள் பார்க்காமல் இருப்பாளா? ஒரே சாக்கில் மஞ்சள் மணி, வெள்ளை மணி, சிவப்பு மணி எல்லாம் கலந்து கிடக்கும். ஒரு வயலில் விளைந்தது அப்படி வராது. நடுநடுவே நூல் துண்டு, கிழிந்த சீட்டு வேறு. இந்தத் தடவை வந்ததில் மணிகளின் முனையில் பச்சையாகப் பொடி பூத்திருந்தது. வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு வாடையும் அடித்தது.

சலித்த பிறகு மிஞ்சின கழிவை வீட்டுக்கு எடுத்துப் போய் வாத்துக்குப் போட்டாள். வீட்டுக்காரர் பதினெட்டு வாத்து வளர்த்தார். மூன்றாம் நாள் காலையில் பதினொன்று கழுத்தை நீட்டிக்கொண்டு கிடந்தன.

“என்னத்தப் போட்ட?” என்று கேட்டார் அவர்.

“பிள்ளைங்களுக்குப் போடறதைத்தான் போட்டேன்.”

அவர் கையிலிருந்த வாத்தைக் கீழே வைத்தார். “அப்ப பிள்ளைங்க?” என்றார்.

அன்று காலை அவள் வாண்டுவைப் பள்ளிக்கூடத்து வாசலில் நிறுத்தி, “மத்தியானம் சாப்பிட்ட மாதிரி நடிச்சிட்டு வந்துடு” என்று காதில் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போனவளுக்கு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும் நூற்று ஐம்பத்தொன்பது பிள்ளைகள் கண்ணில் பட்டார்கள். உடம்பெல்லாம் கூசியது. நேரே தலைமையாசிரியரிடம் போனாள்.

“எனக்கு அதிகாரம் இல்லம்மா,” என்றார் அவர். “நல்லதுன்னு முத்திரை குத்தியிருக்கு. முத்திரையை மீறி நான் எப்படி நிறுத்தறது? நிலையம் ‘ஆகாது’ன்னு ஒரு காகிதம் கொடுக்கட்டும். அடுத்த நிமிஷம் அடுப்பை அணைக்கச் சொல்லிடறேன்.”

“அதுவரைக்கும் சார்?”

“அதுவரைக்கும் ஆக்கிப் போடுங்க. இருப்பு தீராம புதுசு வராது.”

மாதிரி ஐந்து கிலோவுக்குக் குறையக் கூடாதாம். அவ்வளவு பெரிய பை வீட்டில் இல்லை. போன வருஷம் வாண்டுவுக்குச் சின்னதாகிப் போன வெள்ளைச் சட்டையை எடுத்துக் கீழேயும் கையிலும் தைத்துப் பையாக்கினாள். அதன் பாக்கெட்டில் பேனா ஒழுகின நீல மைக் கறை இருக்கும். எத்தனை முறை துவைத்தும் போகாதது. அந்தப் பையில் ஐந்து கிலோ மக்காச்சோளத்தைக் கட்டிக்கொண்டு போய்க் கூண்டின் முன்னால் வைத்தாள். எழுத்தர் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். பார்த்த வேகத்தில் கையை இழுத்துக்கொண்டார்.

“என்னம்மா இது, பூஞ்சையா இருக்கு.”

“ஆமாண்ணே. அதான் கொண்டு வந்தேன்.”

அவர் தலைக்கு மேலே சுவரில் எழுதியிருந்ததை விரலால் காட்டினார். விதி நான்கு: பூஞ்சை, பூச்சி, துர்நாற்றம் உள்ள மாதிரிகள் ஏற்கப்பட மாட்டா.

“பூஞ்சை நச்சு நிலையம்தானே இது?”

“அதுக்காகப் பூஞ்சையை உள்ள விட முடியுமா? உள்ள இருக்கற மெஷின் எவ்வளவு சுத்தம் தெரியுமா? வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. பூஞ்சை புடிச்சதைப் போட்டா அது என்னத்துக்கு ஆகும்?”

“பூஞ்சை இல்லாததை எதுக்குண்ணே சோதிக்கணும்?”

“இருக்கான்னு பார்க்க.”

“இருக்கே.”

“இருக்குன்னுதான் தெரியுதே, அப்புறம் என்னத்தைப் பார்க்கறது?”

நல்ல மனுஷர்தான். அவள் முகம் போன போக்கைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். “நீங்க கரண்டியக்காதானே? என் பொண்ணு உங்க கையாலதான் சாப்பிடுது. ரெட்டைச் சடை, முன்னாடி ரெண்டு பல்லு இருக்காது. கவலைப்படாதீங்க. இதைப் பொறுக்கிச் சுத்தம் பண்ணி, நல்ல மணியா அஞ்சு கிலோ கொண்டு வாங்க. நானே முதல்ல பதிஞ்சு விடறேன்.” சொல்லிக்கொண்டே பையைத் தூக்கிப் பின்னால் இருந்த நீலப் பீப்பாய்க்குள் போட்டார்.

“அது என்ன ஆகும்?”

“உரிய முறையில அப்புறப்படுத்துவோம்.”

அவள் வீட்டுக்கு வந்து, இன்னொரு ஐந்து கிலோவைத் தரையில் பரப்பி, உடைந்தது, சுருங்கினது, நிறம் மாறினது, பச்சை பூத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தாள். மிச்சம் முத்து மாதிரி இருந்தது. மூன்று நாள் கழித்துக் கொண்டு போனாள். எழுத்தர் கையைவிட்டு அளைந்து பார்த்து, “இதுதாம்மா மாதிரி” என்று சந்தோஷப்பட்டார். ஐந்து படிவம் நிரப்பச் சொன்னார். ஒன்றில் ‘மாதிரி தானாக முன்வந்து அளிக்கப்பட்டதா?’ என்று கேட்டிருந்தது. யார் வந்து எதை அளித்தார்களோ.

உள்ளே வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர் இருந்தார். நிலையத்தின் மூத்த விஞ்ஞானி. அவர் மெஷின் அறைக்குப் போகும்போது செருப்பைக் கழற்றி, காலைத் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. வந்தது என்று எளிதாகச் சொல்லிவிட்டேன்; அவள் ஆறு தடவை நடந்தாள். ‘நச்சு கண்டறியப்படவில்லை. மேற்படி இருபது சாக்குகளும் உண்ணத் தகுந்தவை.’

“ஐயா, நான் கொண்டு வந்தது அஞ்சு கிலோ,” என்றாள் கரண்டியக்கா. “அதுவும் கெட்டதையெல்லாம் பொறுக்கிப் போட்டுட்டு. இருபது சாக்குக்கும் எப்படி நல்லதுன்னு எழுதினீங்க?”

வெள்ளைக் கோட்டுக்காரர் சிரித்தார். “ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். சமைக்கிறவங்களுக்கு இதை நான் சொல்லணுமா?”

“வெந்திருக்கான்னு பார்க்கத்தான் ஐயா ஒரு சோறு. கல்லு இருக்கான்னு பார்க்க ஒரு சோறு போதாது. ஒரு சாக்குல ஒரு கை மணி கெட்டுக் கிடக்கும். அந்தக் கை எந்தத் தட்டுல விழுதோ அந்தப் பிள்ளைக்குத்தான் கேடு.”

இது சரியான பேச்சு. சொல்லப்போனால் அந்த நிலையத்தில் இருபத்திரண்டு வருஷத்தில் பேசப்பட்ட முதல் அறிவியல் பேச்சு. வெள்ளைக் கோட்டுக்காரர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

“வாத்து செத்துச்சுங்க. பதினொண்ணு.”

“வாத்து கால்நடைத் துறை.”

“வேகவெச்சா போயிடுமா ஐயா இது?”

“போகாது. வேகறதுக்கெல்லாம் அது மசியாது,” என்றார் அவர், தன் வீட்டுப் பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்கிற மாதிரி. “ஈரல்ல போய் உட்காரும். வளர்ற பிள்ளைங்களோட வளர்த்தியைக்கூட அமுக்கிடும். அதனாலதான் நாங்க இவ்வளவு எச்சரிக்கையா இருக்கோம். அது இருக்குன்னு நாங்க ஒருநாளும் சொன்னதில்ல. சொன்னா ஜனங்க பயந்துடுவாங்க. இந்த நிலையம் இருக்கறது பயத்தைப் போக்க. உங்க மனசுலயும் பயம் இருக்கு. அதைப் போக்க ஒரு வழி எழுதித் தர்றேன்.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். அவர் எழுதிக் கொடுத்த வழி அடுத்த நாளே பள்ளிக்கூடத்தில் நடைமுறைக்கு வந்தது. நம்பிக்கை ஊட்டும் முதல் தட்டு என்று அதற்குப் பெயர். சமைத்தவளுடைய பிள்ளையை எல்லோருக்கும் முன்னால் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, முதல் தட்டை அவன் முழுவதும் சாப்பிட்டு முடித்த பிறகே மற்றவர்களுக்குப் பரிமாற வேண்டும். வாண்டுவுக்கு ஏகப்பட்ட பெருமை. நடிக்கச் சொல்லியிருந்ததை மறந்தே போனான். அவன் வழித்துச் சாப்பிட்டுத் தட்டைக் கவிழ்த்துக் காட்டுவான். பிள்ளைகள் கைதட்டுவார்கள். கரண்டியக்கா தினமும் தன் கையால் அந்த முதல் கரண்டியைப் போட்டாள். பெற்றவளுக்கு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. விடிவதற்குள் வந்து, உதவிக்காரியையும் கூட வைத்துக்கொண்டு, அன்றைய சமையலுக்கான சோளத்தைத் தரையில் கொட்டிப் பொறுக்கினாள். கெட்டதைத் தனியாக ஒரு சாக்கில் சேர்த்து, கரித்துண்டால் ‘விஷம்’ என்று எழுதி மூலையில் வைத்தாள். அந்தச் சாக்கு பாதி நிறைவதற்குள் இருப்பு சரிபார்க்கும் அதிகாரி வந்துவிட்டார். எடை போட்டார். குறைந்தது. மூலையைப் பார்த்தார்.

“இது எந்தச் சாக்குலேர்ந்து எடுத்தது?”

“இந்தச் சாக்குலேர்ந்துதான் சார்.”

“இந்தச் சாக்கு நல்லதுன்னு நிலையம் எழுதிக் கொடுத்திருக்கா இல்லையா?”

“கொடுத்திருக்கு.”

“அப்ப அதுலேர்ந்து வந்ததும் நல்லதுதானே? நல்ல தானியத்து மேல விஷம்னு எழுதினா அது வதந்தி பரப்பற குற்றம். உங்க மேல கேஸ் போடலாம். போட மாட்டேன், பிள்ளைகுட்டிக்காரி. திரும்பக் கலந்துடுங்க.”

அவர் போகவில்லை. ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கடைசிக் கை வரை கலந்தாகிவிட்டதா என்று பார்த்து, எடை சரியாக வந்த பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்தார். கடமை தவறாத மனுஷர் என்று ஊரில் அவருக்குப் பெயர்.

வீட்டுக் கதவின் பின்பக்கத்தில் மாதாமாதம் வாண்டுவை நிற்கவைத்துத் தலைக்கு மேல் பென்சிலால் கோடு போடுவது வீட்டுக்காரர் வழக்கம். அந்த மாதம் கோடு போட்டவர், பென்சிலை எடுக்காமல் அப்படியே நின்றார். புதுக்கோடு பழைய கோட்டின் மேலேயே விழுந்திருந்தது. அதற்கு முந்தினதும் அங்கேதான். ஐந்து மாதக் கோடு ஒரே கோடாகத் தடித்துக் கிடந்தது.

“நேரா நில்லுடா,” என்றார்.

“நேராத்தாம்பா நிக்கறேன்,” என்றான் வாண்டு.

அவன் ஒருவன் மட்டும் இல்லை. பள்ளிச் சீருடை தைக்கும் தையற்காரர் அந்த வருஷம் வந்து அளவெடுத்துவிட்டு, யாருக்குமே போன வருஷத்துச் சட்டை சின்னதாகவில்லை என்றார். தலைமையாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகள் உடுப்பைப் பொறுப்பாக வைத்திருக்கிறார்கள் என்று மேலிடத்துக்கு ஒரு அறிக்கை அனுப்பினார். பாராட்டுக் கடிதம் வந்தது. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்; இப்போதும் பார்க்கலாம்.

எண் 8,160-ஐத் தொட்ட வாரம், நிலையத்தின் ஆண்டு விழா. கரண்டியக்காவுக்கு அழைப்பு வந்தது. அந்த வருஷத்தின் சிறந்த மாதிரி அளித்தவர் அவள்தானாம். அவ்வளவு சுத்தமான மக்காச்சோளம் மெஷின் இதுவரை பார்த்ததில்லையாம். அவள் போவதாக இல்லை. ஆனால் மேடையில் இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள் என்று வீட்டுக்காரர் சொன்னார். சரி, அத்தனை பெரிய மனுஷர்கள் முன்னால் சொன்னால் ஒருத்தர் காதிலாவது விழாதா என்று கிளம்பினாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

இயக்குநர் பேசினார். குரல் நல்ல கனமான குரல்.

“பூஞ்சை நச்சைக் கட்டுப்படுத்த மூணு வழி இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. அறுத்த உடனே நல்லாக் காயவைக்கணும். ஈரம் படாம அடுக்கணும். கெட்ட மணியைப் பொறுக்கி எறியணும். மூணுமே விவசாயி செய்ய வேண்டியது. அவங்க வேலையில நாம தலையிடறது நாகரிகம் இல்ல. ஆனா நாலாவதா ஒரு வழியை இந்த நிலையம் கண்டுபிடிச்சிருக்கு. வாசல்லயே தடுக்கறது. இருபத்திரண்டு வருஷமா ஒரு துளி நச்சைக்கூட இந்தக் கட்டடத்துக்குள்ள நாம விடல. அளவுக்கு மீறி இருந்தா என்ன செய்யறதுன்னு முன்னாடி ஒரு குழு போட்டோம். அந்தக் குழு அளவை உயர்த்தலாம்னு சொல்லுச்சு. அதுக்குக்கூட நமக்குத் தேவை வரல. இன்னொண்ணு. வாசல்ல திருப்பின தானியத்தை நாம வீணாக்கறதும் இல்ல. வருஷத்துக்கு எண்பது சாக்கு. முத்திரை குத்தி சமுதாயத்துக்கே திருப்பிக் கொடுக்கறோம். நாம சோதிக்காத தானியம் அது. அதுல நச்சைக் கண்டுபிடிச்சதா ஒருத்தரும் சொல்ல முடியாது.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கரண்டியக்கா அதை முழுசாகக் கேட்கவில்லை. வாத்து பதினொன்று, கோடு ஐந்து மாதம் என்று தன் பேச்சையே உருப்போட்டுக்கொண்டிருந்தாள். முறை வந்ததும் எழுந்து, நடுங்காமல், எல்லாவற்றையும் சொன்னாள். சபை கவனமாகக் கேட்டது. முடித்ததும் மறுபடி கைதட்டினார்கள். வெள்ளைக் கோட்டுக்காரர் பக்கத்தில் வந்து, “உருக்கமாப் பேசினீங்க. அடுத்த வருஷமும் பேசணும்” என்றார். கையில் ஒரு கேடயத்தைக் கொடுத்து இறக்கிவிட்டார்கள்.

எண் 8,203. காலையில் லாரி வந்து புதுச் சாக்குகளை இறக்கிவிட்டுப் போனது. பழையது முந்தின நாளே தீர்ந்துவிட்டதால், பார்க்கக்கூட நேரமில்லாமல் புதுச் சாக்கு ஒன்றைப் பிரித்து உலையில் போட வேண்டியதாயிற்று. அது வெந்து இறங்கியதும், வாண்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டான். கரண்டியக்கா முதல் கரண்டியைப் போட்டுவிட்டு, இரண்டாவது சாக்கில் நாளைக்கான சோளம் எப்படி இருக்கிறது என்று கையைவிட்டாள். விரலில் துணி தட்டுப்பட்டது. இழுத்தாள்.

வெள்ளைப் பாக்கெட். ஓரம் கிழிந்து, ஒரு பொத்தானோடு. நீல மைக் கறை.

“அம்மா,” என்று நாற்காலியிலிருந்தே எட்டிப் பார்த்தான் வாண்டு, “அது என் பாக்கெட்டுதானே?”

அப்போதுதான் எல்லாம் அவளுக்குச் சேர்ந்தது. மஞ்சளும் வெள்ளையும் சிவப்பும் கலந்து வந்தது, நூல் துண்டு, கிழிந்த சீட்டு, இயக்குநரின் எண்பது சாக்கு. பூஞ்சை என்று ஊரில் யார் யார் பயந்துபோய் எதை எதைக் கொண்டு போனார்களோ, அதெல்லாம் அந்த நீலப் பீப்பாய் வழியாக அவள் அடுப்புக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. ஊரிலேயே மிக மோசமான தானியத்தைப் பொறுக்கி எடுத்து, முத்திரை குத்தி, பிள்ளைகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வேண்டுமென்று செய்தாலும் இவ்வளவு ஒழுங்காகச் செய்ய வராது.

வாண்டு வாய்க்குக் கொண்டு போன கையைப் பிடித்துத் தட்டைப் பிடுங்கினாள். தலைமையாசிரியர் ஓடி வந்தார்.

“என்னம்மா, முதல் தட்டு?”

“இன்னிக்கு முதல் தட்டு உங்களுக்கு சார்,” என்று தட்டை அவர் பக்கம் நீட்டினாள். “நம்பிக்கையாச் சாப்பிடுங்க.”

அவர் தட்டைப் பார்த்தார். நூற்று அறுபது பிள்ளைகளும் அவரைப் பார்த்தார்கள். “எனக்கு வீட்டுலேர்ந்து டப்பா வருது,” என்றார்.

கரண்டியக்கா அண்டாவின் இரண்டு காதையும் பிடித்து முற்றத்தில் கவிழ்த்தாள். அன்று சாயங்காலமே வேலை போயிற்று.

மறுநாள் காலையில் உதவிக்காரி வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாள். கண் கலங்கியிருந்தது. “இன்னிக்கு என்னை ஆக்கச் சொல்லிட்டாருக்கா. பதினொன்றரைக்குப் போட்டாகணுமாம். வாண்டு வரலைன்னா முதல் தட்டுக்கு நிலையத்து ஆளு வீட்டுப் பொண்ணு இருக்காம், அது இன்னும் நம்பிக்கையாம். மாட்டேன்னா என் வேலையும் போயிடும்க்கா.”

கரண்டியக்கா அவளைத் திட்டவில்லை. பாக்கெட்டை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு நடந்தாள். கூண்டின் முன்னால் வரிசையில் ஏழு பேர் நின்றார்கள். மாவு மில்காரர், கடைக்காரர் இரண்டு பேர், மிச்சம் வயற்காட்டு ஆட்கள். ஆளுக்கொரு பை. அவள் வரிசையைத் தாண்டிப் போய்ப் பாக்கெட்டைக் கூண்டுக்குள் நீட்டினாள்.

“துணியெல்லாம் இங்க சோதிக்கறதில்லம்மா,” என்றார் எழுத்தர்.

“தொண்ணூறு நாள் முன்னாடி இதை நீங்க அந்தப் பீப்பாயில போட்டீங்கண்ணே. நேத்து என் சாக்குல இருந்துச்சு.”

எழுத்தர் பாக்கெட்டைப் பார்த்தார். பீப்பாயைத் திரும்பிப் பார்த்தார். “வாங்காத மாதிரி, மாதிரியே கிடையாதும்மா,” என்று மெல்ல ஆரம்பித்தார். “மாதிரி இல்லைன்னா அது தானியம். தானியத்தை வீணாக்கக் கூடாதுன்னு விதி ஒன்பது. லாரி வந்து எடுத்துட்டுப் போகும். எங்க போகுதுன்னு நான் கேட்டதில்ல.”

“நான் சொல்றேன். பள்ளிக்கூடத்துக்குப் போகுது. பதினொன்றரைக்குத் தட்டுல விழும். இன்னிக்கு முதல் தட்டு உங்க பொண்ணுக்கு.”

 எழுத்தர் தொலைபேசியை எடுத்துச் சுழற்றினார். விரல் இரண்டு தடவை தவறியது.

“சார், நிலையத்துலேர்ந்து பேசறேன். பாப்பாவுக்கு வயிறு சரியில்ல, மத்தியானம் சாப்பாடு குடுத்துடாதீங்க. இல்ல சார், இன்னிக்கு மட்டும் இல்ல. இனிமே வீட்டுலேர்ந்தே குடுத்து விடறோம். ஒண்ணுமில்ல சார், சும்மாதான்.”

வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“மத்த பிள்ளைங்க?” என்றாள் கரண்டியக்கா.

“அதுக்கு ஆய்வு முடிவு வேணும்மா.”

“ஆய்வு பண்ணுங்க.”

“நல்ல மாதிரியாக் கொண்டு வாங்க, பண்ணலாம்.”

மணி பத்து அடித்தது. எழுத்தர் எழுந்து, கூண்டுக் கதவைச் சாத்திவிட்டு, வாசலுக்குப் போனார். மூன்று என்ற தகட்டை எடுத்து நான்கை மாட்டினார். கோணலாக நின்றதை நிமிர்த்தினார்.

கரண்டியக்கா வரிசையின் பக்கம் திரும்பினாள். “உங்க பையிலயும் பூஞ்சைதானே?” என்றாள். யாரும் மறுக்கவில்லை. “உங்க பிள்ளைங்க மத்தியானம் எங்க சாப்பிடுது?”

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கூடத்தில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி. மாவு மில்காரர் தன் பையைப் பார்த்தார். போன வாரம் பீப்பாய்க்குள் போன பையையும், அதற்கு முந்தின வாரம் போனதையும் நினைத்திருக்க வேண்டும். அவருக்கு இரண்டு பையன்கள், இரண்டாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும். பையைப் பெஞ்சின் மேல் வைத்தார். வெளியே நடந்தவர், வாசற்படி தாண்டியதும் பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். அடுத்து கடைக்காரர்கள். அப்புறம் மற்றவர்கள். எல்லோருக்கும் முன்னால் போய்விட வேண்டும் என்று கரண்டியக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

எழுத்தர் திரும்பி வந்து கூண்டில் உட்கார்ந்து மணியைத் தட்டினார்.

“அடுத்தவங்க வாங்க.”

யாரும் இல்லை. பெஞ்சின் மேல் ஏழு பைகள் மட்டும் இருந்தன. அவர் எழுந்து போய் ஒவ்வொன்றாக முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். ஏழிலும் பூஞ்சை. சுவரில் இருந்த நான்காம் விதியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு ஏழு பைகளையும் தூக்கிக்கொண்டு வந்து நீலப் பீப்பாய்க்குள் போட்டார். பீப்பாய் நிறைந்துவிட்டது, மூடியை அழுத்தி மூட வேண்டியிருந்தது.